மேசைக்குக் கீழே போன பானை: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை இறக்கிவிட்டு வாசலில் நின்று கதைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. லண்டனில் எத்தனையோ தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, எங்களுடையது எது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. போன மாதம் ஆண்டு விழாவில் மண்டபத்தின் பின்பக்கம், தேத்தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கைவேலைகளை வைத்திருந்தோமே, அதில் இருந்த ஒரு பானையைப் பற்றித்தான் எழுதுகிறேன். காலை 10 மணிக்கு என் கையால் வைத்தேன். பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால் இல்லை. மேசைக்குக் கீழே, வாழைப்பழம் வந்த பெட்டிக்குள், துவாயால் மூடிக் கிடந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றரை அடி உயரம். 15 வயதுப் பிள்ளை ஒருத்தி ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுப் பரீட்சையின் ஓவியப் பாடத்துக்காகச் செய்தது. சக்கரத்தில் சுற்றியதல்ல, களிமண்ணைப் பயற்றங்காய் மாதிரி நீளமாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, விரலால் இழைத்து இழைத்து எழுப்பியது. இரண்டு தடவை சூளைக்குள் போய் வெடிக்காமல் வந்ததே பெரிய காரியம், நான் செய்தவற்றில் பாதி வெடித்துத்தான் வந்திருக்கிறது. தூர நின்று பார்த்தால் மயில், தாமரை, பல்லக்கு, பொன் நிறத்தில் ஒரு கரை, கூறைச்சேலைக் கரையைப் பார்த்துக் கீறியது. வந்தவர்கள் எல்லோரும் என்ன வடிவு என்றார்கள். தலைவர் ஐயா பக்கத்தில் நின்று படம்கூட எடுத்தார். பிறகு யாரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, மயிலின் தோகைக்குள் பொடி எழுத்தில் கீறியிருந்ததை வாசித்துவிட்டார்கள்.

என்ன எழுதியிருந்தது? சாமத்தியவீடுகளில், அதாவது பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சடங்கு விழாக்களில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தவை. “பெட்டை கறுப்புத்தான், மேக்கப் காப்பாத்திப்போட்டுது.” “ஹெலிகொப்டருக்கு மட்டும் எவ்வளவு குடுத்தவையாம்?” “நாங்கள் 101 வைச்சனாங்கள், அவை எங்களுக்கு 51தான் வைச்சவை.” இவ்வளவும் பகிடி, இதற்கு யாரும் பானையைப் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். ஆனால் அடிப்பக்கத்தைச் சுற்றி, தூக்கித் திருப்பினால் மட்டும் தெரிகிற இடத்தில், இன்னொன்று இருந்தது: “நீங்கள் ஊரில எவடம்?”

அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எவடம் என்று கேட்பவர் வரைபடம் பார்க்கப்போவதில்லை. ஊரைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்று வரும், கோயிலைச் சொன்னால் அதற்கு வடக்கையோ தெற்கையோ என்று வரும், மூன்றாவது கேள்வி முடியும்போது சாதி மேசைக்கு வந்துவிடும், சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். அது விளங்கியபடியால்தான் பானை மேசைக்குக் கீழே போனது. “கலையெண்டால் வடிவாய் இருக்கவேணும், இது ஆக்களைக் குத்துற வேலை, கைவேலை மேசையில இதுக்கு என்ன அலுவல்” என்று என்னிடம் சொன்னது செயலாளர் அக்கா. அக்கா, கோபிக்காதீர்கள். நீங்கள் சொன்ன அந்த வசனத்துக்குப் பதிலாகத்தான் இவ்வளவும்.

இந்த நாட்டில் கிரேசன் பெரி என்று ஒரு கலைஞர் இருக்கிறார். 1960இல் எசெக்ஸில், செம்ஸ்போர்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், பிறகு வந்த சிறிய தகப்பனோடு ஒத்துப்போகவில்லை, ஒரு கரடிப் பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை. போர்ட்ஸ்மவுத்தில் ஓவியம் படித்துவிட்டு, 1983இல் மாலை நேர மண்பாண்ட வகுப்பொன்றில் சேர்ந்தார். நானும் செவ்வாய்க்கிழமை இரவு கடையைப் பூட்டிவிட்டு அப்படி ஒரு வகுப்புக்குத்தான் போகிறேன், ஆனபடியால் இந்த ஒரு விவரம் எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் ஆசிரியைதான் முதலில் அவரைப் பற்றிச் சொன்னார்.

2003இல் அவருக்கு டர்னர் பரிசு கிடைத்தது. இந்த நாட்டில் தற்காலக் கலைக்குக் கிடைக்கிற ஆகப் பேர்போன பரிசு, மண்பாண்டக் கலைஞர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. பரிசை வாங்கப் போனபோது சின்னப் பெண்பிள்ளைகள் போடுகிற மாதிரி ஒரு சட்டை போட்டுக்கொண்டு போனார். பெண் உடை உடுத்துவது அவர் வழக்கம், அந்த வேடத்துக்குக் கிளேர் என்று பெயரும் இருக்கிறது. இந்த இடத்தில் சிலர் போனை மூடி வைப்பீர்கள் என்று தெரியும். மூடாதீர்கள். அரசரின் பெயரில் பட்டம் கிடைத்து இப்போது அவர் சேர் கிரேசன் பெரி, 2015இல் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராகவும் வந்தவர். பட்டமும் பதவியும் என்றால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் நிதானிப்பார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அந்தப் பட்டத்தில் பெரிய மரியாதை இல்லை.

அவருடைய பானைகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் கள்ளம். களிமண் வளையம் அடுக்கிக் கட்டிய சாடிகள், எங்கள் பிள்ளை செய்தது போலவே. தூரத்தில் பார்த்தால் பணக்கார வீட்டு மூலையில் பூ வைக்கிற சாடி, பொன் பூச்சு, பூ, கொடி. கிட்டப் போனால் கீறிய கோடுகளும் ஒட்டிய படங்களும் எழுத்துமாக, இந்தச் சமூகம் வீட்டுக்குள் வைத்துக் கதைக்கிறதெல்லாம் அதில் இருக்கும். 2000இல் செய்த ஒரு சாடிக்குப் பெயர் ‘உங்கள் பிள்ளையின் உடலைக் கண்டெடுத்துவிட்டோம்’. இப்படியொரு பெயரோடு ஒரு ஓவியம் சுவரில் தொங்கினால் நான் கிட்டவும் போக மாட்டேன். ஆனால் சாடிக்கு யாரும் பயப்படுவதில்லை. சாடி என்றால் வீட்டுச் சாமான், அடுப்படிச் சாமான். அந்த நம்பிக்கையில் கிட்டப் போகிறோம், அங்கே பிடித்துக்கொள்கிறது. எங்கள் மண்டபத்தில் நடந்ததும் அதுதானே? ஒன்றரை மணித்தியாலம் எல்லோரும் வடிவு என்று சொன்ன சாமான், குனிந்து வாசித்ததும் பெட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் எவ்வளவு புள்ளி போட்டாரோ தெரியாது, நான் அந்தப் பெட்டிக்காகவே முழுப் புள்ளி போடுவேன்.

மண்ணை விடவும் துணியில் அவர் செய்ததுதான் எங்கள் கதைக்குக் கிட்ட வருகிறது. 2012இல் ஆறு பெரிய திரைச்சீலைகள் செய்தார், ஒவ்வொன்றும் 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ‘சின்ன வித்தியாசங்களின் பெருமை’ என்று அந்தத் தொடரின் பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்தக் காலத்தில் அரண்மனைச் சுவரிலும் பிரபுக்கள் வீட்டுச் சுவரிலும் தொங்கியவை இந்த மாதிரிச் சீலைகள், அவற்றில் தேவர்கள், புனிதர்கள், யுத்தங்கள்தான் இருக்கும். பெரி அந்த இடத்தில், வடக்கே தொழிலாளர் ஊரான சந்தர்லாந்தின் வீட்டு முன்னறையையும் கார் தரிப்பிடத்தையும் கொண்டுவந்து வைத்தார். சும்மா இருந்து யோசித்துக் கீறவில்லை. சானல் 4 தொலைக்காட்சிக்காக சந்தர்லாந்து, டன்பிரிஜ் வெல்ஸ், கொட்ஸ்வோல்ட்ஸ் என்று மூன்று இடங்களுக்குப் போய், தொழிலாளர் வீடு, நடுத்தர வர்க்க வீடு, பழைய பிரபுக்களின் வீடு என்று உள்ளே இருந்து தேத்தண்ணீர் குடித்து, ஏன் இந்தச் சாமானை வைத்திருக்கிறீர்கள், ஏன் இந்த உடுப்பு என்று கேட்டுக் கேட்டுச் செய்தார்.

அந்தச் சீலைகள் ஊர் ஊராகச் சுற்றியபோது நான் போய்ப் பார்த்தேன். கதை ரிம் ரேக்வெல் என்ற ஒரு பிள்ளையின் கதை. 18ஆம் நூற்றாண்டில் ஹோகார்த் என்ற ஓவியர் தகப்பன் சொத்தை அழித்த ஒருவனின் கதையை எட்டு ஓவியமாக வரைந்தார், அவை இன்றும் லண்டனில் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் கதையைத்தான் பெரி தலைகீழாக்கினார். இந்த ரிம் ஏழைத் தாயின் மடியில் குழந்தையாகத் தொடங்குகிறான், கை அவளுடைய ஸ்மார்ட்போனுக்கு நீள்கிறது. அடுத்ததில் பள்ளி உடுப்போடு நிற்கிறான். சிறிய தகப்பன் கிளப்பில் பாடுகிறவர், அவர் பாட இவன் வெட்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நெளிகிறான், பையில் ஒரு கணினிப் பத்திரிகை. இந்தச் சீலைக்கு முன்னால்தான் நான் கனநேரம் நின்றேன். ஏனென்றால் அந்த நெளிவை எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் நான் ஆங்கிலம் கதைக்கத் தொடங்கினால் என் மகன் அப்படித்தான் நெளிவான்.

மூன்றாவதில் தாயும் சிறிய தகப்பனும் வசதியான புது வீட்டுத் திட்டமொன்றுக்குப் போய்விட்டார்கள். தாய் செயற்கைப் புல்லுக்கு வக்கூம் கிளீனர் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவர் கோல்ஃப் விளையாடிவிட்டு வருகிறார். சண்டை பிடித்துக்கொண்டு ரிம் தன் நடுத்தர வர்க்கக் காதலியோடு வெளியேறுகிறான், வானத்தில் சமையற்காரர் ஜேமி ஒலிவர் கடவுள் மாதிரி இருந்து பார்க்கிறார். புல்லுக்கு வக்கூம் பிடிக்கிற இடத்தில் மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு என் வீட்டு சோபாவுக்கு இன்னும் கழற்றாமல் இருக்கிற பிளாஸ்டிக் உறை ஞாபகம் வந்தது.

மிச்சத்தைக் கெதியாய்ச் சொல்கிறேன். ரிம் மென்பொருள் கம்பனியை விற்றுப் பெரும் பணக்காரன் ஆகிறான். மாளிகை வாங்குகிறான். ஆனாலும் பழைய பிரபுக்களுக்கு அவன் புதுப் பணம்தான், அந்தப் பிரபுக்களோ கிழிந்த ட்வீட் துணியைத் தோலாகப் போர்த்த ஒரு கிழட்டு மானாக நிற்க, வரி, பராமரிப்புச் செலவு, எரிபொருள் கட்டணம் என்று நாய்கள் அதைத் துரத்துகின்றன. கடைசிச் சீலையில் ரிம் தன் ஃபெராரி காரை மோதிவிட்டு றோட்டில் செத்துக் கிடக்கிறான், சுற்றி நிற்பவர்கள் போனில் படம் எடுக்கிறார்கள். பழைய ஓவியங்களில் சிலுவையிலிருந்து இறக்கிய யேசுவைச் சுற்றி நின்று அழுவார்களே, அந்த அமைப்பில்.

இதில் யாரைக் குத்தினார்? எல்லோரையும். தொழிலாளி, நடுத்தரம், பிரபு, புதுப் பணம், ஒருவரையும் விடவில்லை. அதில் அவருடைய வர்க்கமும் இருக்கிறது, அவர் வீட்டுக் கதையே இருக்கிறது. ஆனால் அந்தச் சீலைகளை இந்த நாடு துவாயால் மூடவில்லை. ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கும் பிரிட்டிஷ் கவுன்சிலுக்கும் உரிய பொதுச் சேகரிப்பில் அன்பளிப்பாக ஏற்று வைத்து, சந்தர்லாந்து மக்கள் தங்களையே சுவரில் பார்க்கும்படி அங்கேயும் கொண்டுபோய்த் தொங்கவிட்டது.

2017இல் இன்னொரு வேலை செய்தார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்பில் நாடு இரண்டாய்ப் பிரிந்து, எங்கள் கடையில் பால் வாங்க வருகிற இரண்டு கிழவர்களே ஒருவரோடொருவர் கதைக்காமல் இருந்த காலம். விலகவேண்டும் என்றவர்களுக்கு ஒரு பானை, இருக்கவேண்டும் என்றவர்களுக்கு ஒரு பானை என்று, உங்களுக்குப் பிடித்த படங்களையும் விஷயங்களையும் அனுப்புங்கள் என்று இரண்டு பக்கத்தாரிடமும் இணையத்தில் கேட்டு, வந்தவற்றைக் கொண்டே இரண்டு பெரிய சாடிகள் செய்தார். செய்து முடித்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சகோதரங்கள் மாதிரி இருந்தன. சோடி என்றே பெயர் வைத்தார். இப்போது அவை விக்டோரியா அண்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

அவரில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சீலைகளை அவர் கையால் நெய்வதில்லை. கணினியில் கீறிக் கொடுக்க, பெல்ஜியத்தில் கணினித் தறி நெய்து கொடுக்கிறது. அந்தத் தறிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் பெயர் சுவரில் பெரிய எழுத்தில் வருவதில்லை. கேலி செய்கிறவரைப் பட்டம் கொடுத்து உள்ளே எடுத்துக்கொண்டால் கேலியின் பல்லு மழுங்கிவிடாதா என்றும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. எசெக்ஸில் றப்னஸ் என்ற இடத்தில், 2015இல், ஜூலி கோப் என்ற கற்பனைப் பெண்ணுக்கு நினைவாலயமாக ஒரு வீடு கட்டினார், சுவரெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக ஓடு பதித்து, கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ஹொலண்டோடு சேர்ந்து. அவளுடைய வாழ்க்கையும் பெரிய சீலைகளாக அந்த வீட்டுக்குள் தொங்குகிறது. கதைப்படி, கறி டெலிவரிக்கு ஓடிய மொப்பெட் ஒன்று அடித்து ஜூலி சாகிறாள், அந்த மொப்பெட் வீட்டுக் கூரையில் தொங்குகிறது. நாங்கள் அங்கே வெளியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே உள்ளதைப் படத்தில் பார்த்தோம். என்னுடைய அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாலு வருடம் டெலிவரி ஓடியவர். மொப்பெட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “ஓடினவனுக்கு என்ன நடந்தது?” அந்தக் கேள்விக்குச் சீலையில் இடம் இல்லை. அந்த இடத்தை நிரப்ப எங்கள் பிள்ளைகள்தான் வரவேண்டும், வேறு ஆர் வருவது?

அதற்குத்தான் இந்த மேசையை இவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் மேசையில் பாட்டில் பூ, பனையோலைப் பெட்டி, கோலம் எல்லாம் வருகிறது, வரட்டும், நான்தானே பழக்குகிறேன். ஆனால் கைவேலை என்றால் வாய் பேசாத சாமான் என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? பானையும் துணியும் எங்களுக்குள் எப்போது பேசாமல் இருந்தன? சடங்கு வீட்டில் நிலபாவாடை விரித்தது துணிதானே. அந்த வெள்ளைத் துணியில் ஆர் நடக்கலாம், ஆர் விரிக்கவேண்டும், விரித்தவர் எங்கே இருந்து சாப்பிடவேண்டும் என்பதெல்லாம் அந்தத் துணிக்குள் எழுதியிருந்தது. பொங்கல் பானையைக் கொண்டுவந்து தந்தவரை வாசலுக்கு உள்ளே விட்டோமா? எழுத்தில்லாமல் இருந்ததை அந்தப் பிள்ளை எழுத்தாக்கினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரி 2011இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். ‘பெயர் தெரியாத கைவினைஞரின் சமாதி’ என்று பெயர். அங்கே உள்ள பழம்பொருட்களில் தனக்குப் பிடித்தவற்றை எடுத்துத் தன்னுடைய வேலைகளோடு கலந்து வைத்து, நடுவில் இரும்பில் ஒரு கப்பல், உலகெங்கும் பெயரே இல்லாமல் போன குயவர், நெசவாளர், கொல்லருக்காக. இதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். சொன்ன வாய்க்கு வந்த வினை, இப்போது அவள் இரண்டாவது வேலை தொடங்கிவிட்டாள்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தைப்பொங்கல் விழாவுக்குப் பின்பக்க மேசையை மறுபடி போடுவோம். அந்தப் பானை என் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் பத்திரமாக இருக்கிறது, அதை அந்த மேசையில் வைக்க விடுங்கள். குத்துகிறது என்று நினைக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு தாளில் தங்கள் பதிலை எழுதி வைக்கலாம், அதையும் யாரும் எடுக்கக் கூடாது. மேசை விரிப்பு நான் கொண்டுவருகிறேன். அந்தப் பிள்ளையை அழைத்து ஒரு சொல் கதையுங்கள், மன்னிப்பு எல்லாம் அவள் கேட்கவில்லை, ஆனால் துவாயால் மூடியதை அவள் பார்த்துவிட்டாள்.

அப்புறம் ஊரில் வளர்ந்த பெரியவர்களிடம் ஒன்று. அவளுடைய இரண்டாவது வேலை ஒரு வெள்ளைத் துணி, ஆறு முழம், அதில் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டுச் சடங்கில் நிலபாவாடை விரித்தவரின் பெயர் தெரியுமா என்று அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறாள், என்னிடம் கேட்டாள், பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டாள். எனக்கு அந்த மனிதரின் முகம், தோளில் துணி மூட்டை, என் தலையைத் தடவிவிட்டுச் சிரித்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெயர் வரவில்லை. கட்டாடியார் என்றுதான், துணி வெளுக்கிறவர்களைச் சாதியாலும் தொழிலாலும் கூப்பிடுகிற அந்தப் பட்டத்தைத்தான், வீட்டில் எல்லோரும் சொன்னோம். உங்களில் யாருக்காவது உங்கள் ஊர்க்காரரின் பெயர் ஞாபகம் இருந்தால், பட்டம் வேண்டாம், பெயர் மட்டும், எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அல்லது சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வந்து சொல்லுங்கள். இதுவரை துணியில் தைக்க அவளுக்குக் கிடைத்தவை இரண்டு பெயர்கள்.

அன்புடன்,
கைவேலை வகுப்பு எடுக்கும் அக்கா